எட்டுக்கு முன்னாடி

தமயந்தி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு போஸ்டராக வந்தது. காலை ஒன்பதரை மணி. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. போனைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் ஒரு தகரப் பொம்மை. அதன் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரைந்திருந்தார்கள். மேலே "குரல் ஓய்ந்தது". கீழே "நிலா மீண்டும் உதிக்கிறது, விரைவில்". அனுப்பியவர் கேசவன். அக்காவின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரும் இல்லை, முகமும் இல்லை. இறந்தது யார் என்பதையே அவரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "நம்ம தமயந்திதான் ரமா. விடியக்காலம் ஹார்ட் அட்டாக். பாவம்" என்றார். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது மனசு இளகி எழுத வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு இளகவில்லை. நான் என்ன செய்ய? வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் இதை எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இது பிடித்திருக்கும்.

உங்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியும், பெயர்தான் தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஏழாம் நிலா' பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். பூமிக்குத் திரும்ப வழி தெரியாத நாலு பிள்ளைகள், ஒரு ஓட்டை விண்கலம், அதில் சமையலிலிருந்து சண்டைவரை எல்லாம் பார்த்துக்கொள்கிற திருகாணி என்ற தகர எந்திரம். ஏழாம் நிலாவைக் கண்டுபிடித்தால் வீட்டுக்கு வழி கிடைக்கும் என்று வாரா வாரம் தேடுவார்கள். அந்தக் கார்ட்டூன் அமெரிக்காவில் செய்ததில்லை. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு வீட்டு மாடியில், இரண்டு அறையில் செய்தது. டைரக்டர் கேசவன். வசனம் நான். திருகாணிக்குக் குரல் தமயந்தி அக்கா.

அக்காவுக்குப் பகலில் வேறு வேலை. தில்லை நகரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவார். கேசவன் காது வலி என்று அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்து, "டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடியே வலி போயிடுச்சு ரமா, அந்தம்மா கூப்பிடுறதைக் கேட்டே போயிடுச்சு" என்றார். நியாயத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த மனுஷனுக்குக் காது இருந்தது. அப்புறம் அதை எங்கே வைத்தாரோ தெரியவில்லை. அடுத்த வாரமே, கிளினிக் மதியம் மூடுகிற நேரத்தில், அக்கா டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வர ஆரம்பித்தார்.

ஒருநாள் நானும் அந்தக் கிளினிக்கில் காத்திருந்தேன். கழுத்து நிறையச் சங்கிலி போட்ட ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பின்னால் இரண்டு பேர். நேராக டாக்டர் அறைக் கதவில் கை வைத்துவிட்டு, "டாக்டர் என் ஃப்ரெண்டும்மா" என்றார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "ஃப்ரெண்டுக்கும் டோக்கன் உண்டுங்க. எடுத்துட்டு உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். குரலில் கோபம் கிடையாது, கேலியும் கிடையாது. ஆனாலும் அந்த ஆள் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முறை வந்தபோது எல்லாரையும் கூப்பிடுகிற அதே குரலில்தான் அவரையும் கூப்பிட்டார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தொட்டியம். அப்பாவுக்கு வாழை வியாபாரம். "எங்க வீட்ல ழ இல்லாம ஒரு நாள் விடியாது. வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, வாழையிலை, வாழைநார். நாக்கு அதுலயே வளந்துச்சு" என்பார். உண்மைதான். அவர் 'மழை' என்று சொன்னால் சட்டை நனைந்த மாதிரி இருக்கும். கிளினிக்கில் அவர் "டோக்கன் நம்பர் ஏழு" என்று கூப்பிடும்போது எட்டாம் நம்பர்காரரும் நிமிர்ந்து பார்ப்பார்.

முதல் நாள் ரெக்கார்டிங்கிலேயே அந்த எழுத்தைத்தான் பிடுங்கினோம். எந்திரக் குரல் வருவதற்காக ஒரு மெல்லிசைக் குழுக்காரரிடமிருந்து ஒரு பழைய பெட்டி வாங்கி வைத்திருந்தார் கேசவன். அதற்குள் போனால் எந்தப் பேச்சும் தகரமாகத்தான் வெளியே வரும். எல்லா எழுத்தும் நன்றாக வந்தது. ழ மட்டும் தொண்டையில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி வந்தது. ஏழெட்டு முறை முயன்றோம். கடைசியில் கேசவன், "அந்த எழுத்தையே எடுத்துடு ரமா. எந்திரம்தானே, அதுக்கு எதுக்கு ழ?" என்றார். அக்கா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு உருப்படியா வர்றதே அந்த ஒரு எழுத்துதான் சார்" என்றார். கேசவன் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அப்புறம் இரண்டு வருஷம், திருகாணி பேசிய ஒரு வார்த்தையிலும் ழ கிடையாது. எழுதிப் பாருங்கள் தெரியும், பிராணன் போகும். குழந்தை பிள்ளையானது. மழை வானத்துத் தண்ணியானது. வாழைப்பழத்தை "மஞ்சளா வளைஞ்சது" என்றுதான் அது சொல்லும். எண்ணும்போது, "அஞ்சு, ஆறு, எட்டுக்கு முன்னாடி, எட்டு" என்று எண்ணும். கதையின் பெயரே அதற்கு வராது. "எட்டுக்கு முன்னாடி நிலா எங்க இருக்கு?" என்றுதான் கேட்கும். அதைத்தான் நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் கத்திக்கொண்டு ஓடினீர்கள். அது என் கற்பனை என்று நிறையப் பேர் பாராட்டினார்கள். கற்பனையாவது மண்ணாவது. பெட்டி ரிப்பேர்.

நான் எழுதிக் கொடுத்த பக்கங்களை அக்கா சிவப்புப் பேனாவோடு படிப்பார். ஒரு ழ கண்ணில் பட்டால் நான் அவருக்கு ஒரு வடை வாங்கித் தர வேண்டும், அதுதான் பந்தயம். "கீழே பார்" என்று எழுதி மாட்டியிருக்கிறேன், "பழைய" என்று எழுதி மாட்டியிருக்கிறேன். "ரமா, இன்னைக்கு ரெண்டு வடை. சட்னியோட" என்று மாடிப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார். போகப் போக எனக்கே பேச்சில் ழ வந்தால் நாக்கு கூசியது.

ஒவ்வொரு வாரமும் கதை முடிந்து பெயர்கள் ஓடும். டைரக்ஷன் கேசவன். வசனம் ரமா. படம் வரைந்தவர்கள் பெயர் எல்லாம் வரும். கடைசியில் "குரல்: குழுவினர்" என்று வரும். குழுவினர் என்றால் யார்? நாலு பிள்ளைகளுக்குப் பேசியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அது சரி. திருகாணி ஒரே ஆள். அக்கா ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "என் பேரைப் போடல, பரவால்ல. போட்ட வார்த்தையிலயும் ழ-வை வச்சுட்டாங்களே, திருகாணிக்குச் சொல்ல வராதே" என்றார். நான் கேசவனிடம் ஒருமுறை கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை. என் பெயர்தான் வந்துகொண்டிருந்ததே.

சேனல்காரர்கள் நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டோம். நான் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனேன். அக்கா டோக்கனோடு இருந்துவிட்டார். ஊசி என்றால் அலறுகிற பிள்ளைகள் வந்தால் மட்டும் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு தகரக் குரலில் எண்ணுவாராம். "ஆறு" என்று நிறுத்தினால், அழுதுகொண்டிருக்கிற பிள்ளை, "எட்டுக்கு முன்னாடி!" என்று கத்திக்கொண்டே உள்ளே போகுமாம். பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் அப்பா அம்மா சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க எவ்வளவோ பேசிப் பாத்தாங்க, நான் எங்கயும் போகல ரமா. இங்க என்னைத் தெரியும்" என்றார்.

போன வருஷம் 'ஏழாம் நிலா' திரும்ப வருகிறது என்று சொன்னார்கள். சென்னையில் ஒரு கம்பெனி, போனில் பார்க்கிற மாதிரி புதிதாக எடுக்கிறது. கேசவன் கதை, பொம்மை, பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதை விடுங்கள். அக்காவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தினமும் காலையில் பனங்கற்கண்டு போட்டு வெந்நீர் குடித்தார். ஐஸ்கிரீமை நிறுத்தினார். கிளினிக் டாக்டரிடமே தொண்டையைக் காட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். உறையூரில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "கூப்பிடுவாங்க, இல்ல ரமா?"

கூப்பிடவில்லை. அக்கா தன் குரலை முன்னோட்டத்தில்தான் கேட்டார், அதுவும் கிளினிக்கில் யாரோ ஒருவருடைய போனில். பழைய ரெக்கார்டிங்கைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அவர் பேசாத வசனங்களை அவர் குரலிலேயே பேச வைத்திருந்தார்கள். திருகாணி கையை ஆட்டிச் சொன்னது: "குலந்தைகளே, ஏலாம் நிலாவுக்கு வாங்க."

காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும், அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு வருஷ ரெக்கார்டிங்கில் அந்தக் குரல் ஒரு ழ-கூடச் சொன்னதில்லை. இல்லாததைக் கம்ப்யூட்டர் எங்கே போய் எடுக்கும்? வேறு யாருடைய ழ-வையோ கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டு தெரிந்தது. ழ இல்லாமல் வசனம் எழுத ஒரு பையனைப் போட்டார்களாம், இரண்டாம் பக்கத்தில் ஓடிவிட்டானாம். வேறு ஆளைப் பேச வைத்தால் என்ன என்றால், பழைய குரல்தான் விளம்பரமே. பார்த்தவர்கள் எல்லாரும் ஏலம், ஏலம் என்று சிரித்தார்கள். அக்காவை ஏலம் விட்டவர்கள் வாயில் வேறென்ன வரும்? அக்காவும் முதலில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். அப்புறம் அன்று மாலை முழுக்க டோக்கன் கூப்பிட வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் கேசவன் உறையூருக்கு வந்தார், ஆப்பிளும் மாதுளையுமாக ஒரு பையோடு. நானும் அங்கே இருந்தேன். ஒரு தாளை எடுத்து வைத்து, "ஒரே ஒரு பக்கம் படிச்சுக் குடுத்துடுங்கக்கா, போன்லயே எடுத்துக்கிறேன்" என்றார். தாளைப் பார்த்தேன். ஏதோ கதை மாதிரி இருந்தது, எல்லா வார்த்தையிலும் ழ.

"நானே வந்து பேசட்டுமா சார்? தொண்டை நல்லா இருக்கு. டாக்டர் எழுதிக்கூடக் குடுத்திருக்காரு" என்றார் அக்கா.

"உங்க குரல் இப்ப கொஞ்சம் வயசாயிடுச்சுக்கா. அவங்களுக்குப் பழைய குரல்தான் வேணும். அந்த ஒரு எழுத்து மட்டும் கிடைச்சா போதும்."

"எழுத்து வேணும், ஆள் வேணாம்." அக்கா அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "பேராவது வருமா?"

"அதெல்லாம் பாலிசி இல்லக்கா. எல்லாருக்கும் சேத்து குழுவினர்னுதான் வரும்."

"சரி, போனை வைங்க" என்றார் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என் கையை அழுத்தினார். கேசவன் போனை மேசையில் வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, இன்னொரு போனில் யாருடனோ பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். தாளில், "கிழக்கே மழை. ஏழு குழந்தைகள் வாழைப்பழம் கேட்டு அழுதார்கள். விழுந்து எழுந்த கிழவி அழகாகத் தமிழ் பேசினாள்" என்று இருந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்:

"சூரியன் வர்ற பக்கம் வானத்துத் தண்ணி. எட்டுக்கு முன்னாடி பிள்ளைங்க, மஞ்சளா வளைஞ்சது கேட்டுக் கண்ணைக் கசக்கினாங்க. தரையில சாய்ஞ்சு நிமிர்ந்த வயசான அம்மா, கேக்க நல்லா இருக்குற மாதிரி நம்ம பாஷை பேசினாங்க."

பக்கம் முழுக்க இப்படியே. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, தடுமாறவில்லை. எழுதிக் கொடுக்க நான் தேவைப்படவில்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேசவன் உள்ளே வந்தார், போனை எடுத்தார், "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார். கேட்டுப் பார்க்காமலே அங்கேயே நின்று சென்னைக்கு அனுப்பினார். அவர்களும் கேட்டுப் பார்க்காமலே கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அக்காவுக்குக் கேசவனிடமிருந்து போன் வந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? என் மானம் போச்சு" என்று கத்தினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "எந்திரம்தானே சார். அதுக்கு எதுக்கு ழ?" என்று சொல்லிவிட்டு வைத்தார். இருபது வருஷம் அந்த வாக்கியத்தை மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

அதோடு நிலா உதிக்கிற தேதி தள்ளிப்போனது. அடுத்த மாதமே அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் கேசவன் என் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். அக்கா எனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார், டைப் அடிக்க அவருக்குப் பிடிக்காது என்பது கேசவனுக்குத் தெரிந்திருக்கிறது. "அதை மட்டும் குடு ரமா. அதுல எல்லாம் இருக்கும். தனியா ஒரு கார்டு போடுறாங்க. திரை முழுக்க அவங்க பேரு. 'திருகாணி: தமயந்தி'ன்னு. அக்காவுக்கு நாம செய்யுற மரியாதை" என்றார்.

எனக்கு ஆடிப்போய்விட்டது. அக்கா வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதை நான் இரண்டாவது முறை கேட்டிருந்தால் இருபது வருஷத்துக்கு முன்பே கிடைத்திருக்குமோ என்னவோ. இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, இரண்டு நாள் அந்த மெசேஜ்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். "ரமா, மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடு." "ரமா, கத்திரிக்காய்க் கொழம்பு வச்சேன், ஒரு வாய் சாப்பிட வா." ஒவ்வொன்றிலும் முழுசு முழுசாக ழ. உயிரோடு இருந்தவரிடம் பாலிசி இல்லை என்றவர்களுக்கு, செத்ததும் பாலிசி வந்துவிட்டது. உட்கார்ந்து பேர் கேட்ட மனுஷிக்குக் கொடுக்காததை, கேட்க முடியாத மனுஷிக்குக் கொடுக்கிறார்களாம். அந்தக் கார்டைப் பார்த்து அக்கா சந்தோஷப்படமாட்டார். திருகாணி வாயில் வருகிற ழ-வை எல்லாம் எண்ணிப் பார்த்து, இன்னைக்கு எத்தனை வடை என்று கேட்பார்.

பெயர்தானே. அதை நான் போடுகிறேன், என் பெயருக்குப் பக்கத்தில், இருபது வருஷம் தாமதமாக. திருகாணி பேசியது தமயந்தி. தொட்டியத்துத் தமயந்தி, தில்லை நகரில் டோக்கன் கூப்பிட்ட தமயந்தி. அவர் பெயரில் ழ கிடையாது. திருகாணியால் அதைச் சுலபமாகச் சொல்லியிருக்க முடியும். ஒரு வாரமாவது சொல்ல வைத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குற்றத்துக்கு நான் வேறு யாரையும் காட்டப்போவதில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கடைசி மெசேஜ். இறப்பதற்கு முதல் நாள் மதியம் அனுப்பியது. "ரமா, நாளைக்குச் சாயந்திரம் ஏழு மணிக்கு வரேன். வாழைப்பூ வடை போட்டு வை." அவ்வளவுதான். அந்த ஏழு உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று கேசவன் மறுபடி கூப்பிட்டார். "என்ன முடிவு பண்ணின ரமா? அங்க எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க."

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க சார்" என்றேன்.

"என்னது?"

"உங்க நம்பர் ஏழு. இப்ப ஆறு உள்ள போயிருக்கு. அடுத்து எட்டைக் கூப்பிடுவாங்க."